விளையாட்டு வழியே நேர்மையும் நற்பண்பும்: பள்ளிப் பயிற்சியாளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பள்ளி உடற்கல்வி ஆசிரியர்கள், ஊர் கிளப்புகளில் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுப்பவர்கள், அவர்களுடைய பெற்றோர் ஆகியோருக்கான பக்கம் இது. 6-ஆம் வகுப்பு முதல் 12-ஆம் வகுப்பு வரையிலான பிள்ளைகளை மனதில் வைத்து எழுதியது. உதாரணங்கள் பெரும்பாலும் கபடி, கால்பந்து, வாலிபால், கிரிக்கெட்டிலிருந்து.

பிள்ளைகளை விளையாட விட்டாலே நல்ல குணம் தானாக வந்துவிடாதா?

வராது. விளையாட்டு நல்ல குணத்தையும் வளர்க்கும், கெட்ட பழக்கத்தையும் வளர்க்கும். எது வளர்கிறது என்பது அதை நடத்தும் பெரியவரைப் பொறுத்தது. 1971-இல் புரூஸ் ஓகில்வி, தாமஸ் டட்கோ என்ற அமெரிக்க உளவியலாளர்கள், பல ஆண்டுகள் வீரர்களைச் சோதித்த பிறகு, விளையாட்டு குணத்தை உருவாக்குகிறது என்ற நம்பிக்கைக்குத் தங்களுக்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்று எழுதினார்கள். அதன் பிறகு 1980-களில் பிரெண்டா பிரெடமையர், டேவிட் ஷீல்ட்ஸ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் இன்னொன்றைக் கண்டார்கள். வீட்டிலும் தெருவிலும் நியாயமாக யோசிக்கும் அதே ஆள், கோட்டைத் தாண்டி மைதானத்துக்குள் வந்ததும் தன்னலமாக யோசிக்கிறார். "இது மேட்ச், இங்கே இப்படித்தான்" என்று மனம் தனக்குத்தானே விடுப்பு எழுதிக் கொடுத்துவிடுகிறது.

விளையாட்டில் ஒரு பெரிய வசதி இருக்கிறது. வகுப்பறையில் நேர்மையைப் பற்றிப் பேசத்தான் முடியும். கபடி ஆடும் பையனுக்கோ, தான் தொடப்பட்டது தனக்கு மட்டுமே தெரிந்த நிலை ஒரு மணி நேரத்தில் நாலைந்து முறையாவது வரும். அந்த நொடிகளைப் பயன்படுத்துவதுதான் மொத்த வேலையும்.

"மரியாதை", "நேர்மை", "ஒற்றுமை" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறோம். ஏன் ஏறவில்லை?

அந்தச் சொற்களைக் கண்ணால் பார்க்க முடியாது என்பதால். 12 வயதுப் பையனிடம் "மரியாதையாக ஆடு" என்றால், எதைச் செய்ய வேண்டும் என்று அவனுக்குத் தெரியாது. செயலாக மாற்றிச் சொல்லுங்கள்:

- நேர்மை: தொடப்பட்டால், நடுவர் பார்க்காவிட்டாலும், தானே கை தூக்கி வெளியேறுவது.
- மரியாதை: கீழே விழுந்த எதிரணி ஆளுக்குக் கை கொடுப்பது; நடுவரிடம் கேப்டன் மட்டுமே பேசுவது.
- பொறுப்பு: ஆட்டம் முடிந்ததும் சொல்லாமலே பந்தையும் கோன்களையும் எண்ணி வைப்பது.
- தன்னடக்கம்: புள்ளி எடுத்ததும் எதிராளியின் முகத்துக்கு நேராகக் கத்தாமல் தன் அணிப் பக்கம் திரும்புவது.

ஒரு பருவத்துக்கு மூன்று செயல்கள் போதும். பத்துப் பண்புகளைச் சுவரில் எழுதி வைத்த பள்ளிகளில் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள், இரண்டு கூட நினைவிருக்காது. ஒரு செயலை மூன்று, நான்கு வாரம் விடாமல் பிடித்துக்கொண்டு, அது பழகிய பிறகு அடுத்ததுக்குப் போங்கள்.

ஒரு மணி நேரப் பயிற்சியில் இதற்கென்று எவ்வளவு நேரம் ஒதுக்குவது?

அமெரிக்க உடற்கல்விப் பேராசிரியர் டான் ஹெலிசன் 1970-களில் தொடங்கி, சிக்கலான சூழலில் வளரும் பிள்ளைகளோடு வேலை செய்து ஒரு முறையை உருவாக்கினார். உடற்கல்வி வழியே பொறுப்பைக் கற்பிப்பதில் உலகம் முழுவதும் அதிகம் பயன்படும் முறைகளில் அதுவும் ஒன்று. அதன் அமைப்பை நம் 60 நிமிடத்துக்குப் பொருத்தினால் இப்படி வரும்:

1. முதல் 5 நிமிடம்: பேச்சு. பிள்ளைகள் வந்து சேரும்போதே ஒவ்வொருவரிடமும் ஒரு வாக்கியம். "கணுக்கால் வலி குறைஞ்சுதா?", "அண்ணன் ஊருக்குப் போயாச்சா?"
2. அடுத்த 3 நிமிடம்: இன்றைய செயல் எது என்று சொல்வது. ஒன்றே ஒன்று.
3. 40 நிமிடம்: பயிற்சியும் ஆட்டமும். இடையில் இரண்டு முறை, தலா ஒரு நிமிடம், விசில் அடித்து நிறுத்தி அந்தச் செயலைப் பற்றி ஒரு கேள்வி.
4. 8 நிமிடம்: வட்டமாக உட்கார்ந்து பேச்சு.
5. கடைசி 4 நிமிடம்: தன்னைத் தானே மதிப்பிடுவது. கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரல் மேலே, நடுவில், கீழே. மூடச் சொல்வதன் காரணம், பக்கத்தில் இருப்பவனைப் பார்த்து விரலைத் தூக்கக் கூடாது என்பது.

பள்ளி பி.டி. பீரியடு 40 நிமிடம்தான், அதிலும் மைதானத்துக்கு வந்து சேர 5 நிமிடம் போய்விடும். அப்போது முதல் இரண்டையும் சேர்த்து 3 நிமிடமாக்குங்கள், ஆட்டம் 26, வட்டம் 4, விரல் 2. வட்டத்தை மட்டும் வெட்டாதீர்கள். நேரம் போதாமல் போகும்போது முதலில் பலியாவது அதுதான். ஆட்டத்தில் நடந்தது பாடமாவதும் அங்கேதான்.

ஹெலிசன் பொறுப்பை ஐந்து நிலைகளாகப் பிரித்தார். மற்றவரைத் தொந்தரவு செய்யாமல் தன்னை அடக்குவது, முயற்சி எடுப்பது, சொல்லாமலே தானாகப் பயிற்சி செய்வது, பிறருக்கு உதவுவது, இவற்றை மைதானத்துக்கு வெளியே கொண்டுபோவது. ஒரே பிள்ளை திங்கட்கிழமை நான்காம் நிலையிலும் புதன்கிழமை முதல் நிலைக்குக் கீழேயும் இருக்கலாம். அது இயல்பு, யாருக்கும் நிரந்தரமாக எண் ஒட்டாதீர்கள்.

வட்டமாக உட்கார வைத்தால் எல்லாரும் வாயை மூடிக்கொள்கிறார்கள். இல்லையென்றால் நமக்குப் பிடித்த பதிலைச் சொல்கிறார்கள்.

கேள்வி தவறாக இருக்கிறது. "நேர்மையாக ஆடினீர்களா?" என்று கேட்டால் "ஆமா சார்" என்ற பதில்தான் வரும். "ஏமாற்றுவது சரியா?" என்பதும் அப்படித்தான். நடந்த ஒன்றைக் காட்டிக் கேளுங்கள்:

"இரண்டாவது பாதியில் நம்ம ஸ்கோர் 14, அவங்க 15. அப்போ ஒரு டச் விழுந்தது, யாரும் வெளியே போகலை. அந்த நேரத்தில் மனசுக்குள்ள என்ன ஓடியிருக்கும்?"

பெயர் சொல்லக் கூடாது. பொதுவாக "அந்த இடத்தில் இருந்த ஆள்" என்று பேசுங்கள். பிறகு 20 வினாடி காத்திருங்கள். ஆசிரியருக்கு அந்த மௌனம் தாங்காது, தானே பதில் சொல்லத் தொடங்கிவிடுவார். வட்டம் கெட்டுப்போவதற்கு முக்கியக் காரணம் இதுதான். 50 பேர் இருந்தால் வட்டம் வேண்டாம். ஐந்தைந்து பேராக உட்காரச் சொல்லி இரண்டு நிமிடம் பேச விட்டு, மூன்று குழுக்களை மட்டும் சொல்லச் சொல்லுங்கள்.

பிள்ளைகள் சொல்லும் சமாதானங்களைக் கவனியுங்கள். "எல்லாரும்தான் பண்றாங்க", "அவன்தான் முதல்ல தள்ளினான்", "கோச்தான் அப்படி ஆடச் சொன்னாரு", "லேசாத்தான் இடிச்சேன்". தவறு செய்யும்போது மனசாட்சியை அணைத்து வைக்க மனிதர்கள் பயன்படுத்தும் வழிகளை உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா வகைப்படுத்தினார். மேலே உள்ள நான்கும் அந்தப் பட்டியலில் அடங்கும். இதை மறுத்து உபதேசம் செய்யாதீர்கள். "இதே காரணத்தை எதிரணிக்காரன் சொன்னா ஏத்துக்குவீங்களா?" என்று திருப்பிக் கேட்டால் போதும்.

நடுவரே இல்லாமல் ஆட விட்டால் அடிதடி ஆகாதா?

முதல் இரண்டு வாரம் கூச்சல் இருக்கும். பிறகு குறையும். இது சோதித்துப் பார்க்கப்பட்ட வழி.

பிளாஸ்டிக் தட்டை எறிந்து பிடித்து ஆடும் அல்டிமேட் ஃபிரிஸ்பீ ஆட்டத்தில் பொதுவாக நடுவர் கிடையாது. ஃபவுலை ஆடுபவர்களே அறிவிக்கிறார்கள். மற்றவர் மறுத்தால் தட்டு எறிந்தவரிடமே திரும்பிப் போகும். ஆட்டம் முடிந்ததும் ஒவ்வொரு அணியும் எதிரணிக்கு ஐந்து தலைப்புகளில் மதிப்பெண் போடும்: விதி அறிவு, உடல் மோதல், நியாய உணர்வு, மனப்பான்மை, பேசும் விதம். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4. சாதாரணமான நல்ல ஆட்டத்துக்கு 2, ஆக மொத்தம் 10. சென்னைக் கடற்கரையில் ஆடுபவர்களைக் கேட்டால் செய்து காட்டுவார்கள்.

கால்பந்தில் இதற்கு இணையானது கொலம்பியாவின் மெதெயின் நகரில் பிறந்தது. 1994 உலகக் கோப்பையில் சொந்த கோலில் பந்தைப் போட்ட கொலம்பிய வீரர் ஆந்த்ரேஸ் எஸ்கோபர், ஊர் திரும்பிய சில நாட்களில் அங்கே சுட்டுக் கொல்லப்பட்டார். அதன் பிறகு யூர்கன் கிரீஸ்பெக் என்ற ஜெர்மானியர், வன்முறை மலிந்த பகுதிகளின் இளைஞர்களை வைத்துத் தெருக் கால்பந்து நடத்தினார். கலப்பு அணிகள், முதல் கோலைப் பெண் அடிக்க வேண்டும், நடுவர் இல்லை. இன்று உலகின் பல நாடுகளில் ஆடப்படும் மூன்று பகுதிக் கால்பந்தின் தொடக்கம் அது. முதல் பகுதியில் இரு அணியும் உட்கார்ந்து விதிகளைப் பேசி முடிவு செய்யும். இரண்டாவது ஆட்டம். மூன்றாவது, ஒப்புக்கொண்டபடி நடந்தோமா என்று பேசிப் புள்ளி போடுவது. விசில் ஊதும் நடுவருக்குப் பதில் சமரசம் செய்பவர் ஒருவர் இருப்பார்.

இதைக் கபடியில் எப்படிச் செய்வது?

கபடிதான் இதற்கு மிகப் பொருத்தமான ஆட்டம் என்பது எங்கள் கருத்து. தொட்டதும் தொடப்பட்டதும் பெரும்பாலும் அந்த இருவருக்கு மட்டுமே தெரியும்.

தேவை 14 பேர், ஒரு களம், ஒரு கடிகாரம். 30 வினாடி ரெய்டு, வழக்கமான விதிகள். கூடுதலாக நான்கு:

- தொடப்பட்டவர், ரெய்டர் நடுக்கோட்டைத் தாண்டியதும் தானே கை தூக்கி வெளியேற வேண்டும்.
- தொடப்படாத ஒருவர் தவறாக வெளியேறினால், ரெய்டர் அவரைத் திருப்பி அனுப்ப வேண்டும். இதுதான் கடினமானது, இதில்தான் கற்றல் அதிகம்.
- கருத்து வேறுபாடு வந்தால் அந்த இருவர் மட்டும், 10 வினாடி பேசலாம். மற்றவர்கள் வாய் திறந்தால் அந்த அணிக்கு ஒரு எச்சரிக்கை.
- தீரவில்லை என்றால் அந்த ரெய்டு செல்லாது, மறுபடி போகலாம்.

எங்கே கெட்டுப்போகும்? முதலாவது, கெட்டிக்காரப் பையன் ஒருவன், மறுபடி ரெய்டு கிடைக்கிறதே என்று ஒவ்வொரு தடவையும் மறுப்பான். ஒருவருக்கு ஒரு ஆட்டத்தில் இரண்டு மறுப்பு என்று எல்லை வையுங்கள். இரண்டாவது, பெரிய பையனோ சத்தமாகப் பேசுபவனோ ஜெயித்துவிடுவான். வயதிலோ வகுப்பிலோ சிறியவர் முதலில் பேச வேண்டும் என்று விதி வையுங்கள். மூன்றாவது, பயிற்சியில் நேர்மையாக ஒப்புக்கொண்ட பிள்ளையை அவன் அணியே "ஏன்டா போனே?" என்று திட்டும். இதைக் கேட்ட உடனே ஆட்டத்தை நிறுத்துங்கள். இந்த ஒரு வாக்கியத்தைக் கண்டும் காணாமல் விட்டால், ஒரு மாத வேலை வீண்.

அரை மணி நேரம் நடுவரில்லாமல், அடுத்த அரை மணி நேரம் நடுவரோடு என்று மாற்றி மாற்றி நடத்துங்கள். போட்டிகளில் நடுவர் இருக்கத்தான் போகிறார். அவருடைய தவறான முடிவையும் ஏற்றுக்கொள்ளப் பழக வேண்டும்.

நல்ல நடத்தைக்குப் புள்ளி கொடுக்கலாமா?

கொடுக்கலாம், சிறிய அளவில். வெற்றிக்கு 3, சமனுக்கு 2, தோல்விக்கு 1, அதோடு எதிரணி போடும் நேர்மைப் புள்ளி 0 முதல் 3 வரை என்பது பள்ளிக்குள் நடக்கும் போட்டிக்குச் சரியாக இருக்கும். ஆனால் புள்ளி வந்த இடத்தில் கணக்கும் வந்துவிடும்.

2018 கால்பந்து உலகக் கோப்பையில் ஜப்பானும் செனகலும் புள்ளி, கோல் வித்தியாசம், அடித்த கோல், நேருக்கு நேர் ஆட்டம் என எல்லாவற்றிலும் சமம். ஜப்பான் வாங்கியது 4 மஞ்சள் அட்டை, செனகல் 6. நன்னடத்தைக் கணக்கில் ஜப்பான் மேலே போனது. ஆனால் அதன் கடைசி ஆட்டத்தின் கடைசிப் பத்து நிமிடத்தைப் பாருங்கள். போலந்திடம் 0-1 என்று பின்தங்கிய நிலையிலும், இன்னொரு மைதானத்தில் செனகல் தோற்றுக்கொண்டிருப்பதை நம்பி, தங்களுக்குள்ளேயே பந்தைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். அரங்கம் முழுவதும் விசில் அடித்துக் கேலி செய்தது.

இரண்டு அணிகள் பேசி வைத்துக்கொண்டு ஒருவருக்கொருவர் முழுப் புள்ளி போட்டுக்கொள்வதும் நடக்கும். அதைத் தடுக்க, 3 போட்டாலும் 0 போட்டாலும் ஒரு வரி காரணம் எழுத வேண்டும் என்று வையுங்கள்.

ஒரு சின்னக் குறிப்பு. நற்செயலுக்குப் பச்சை அட்டை காட்டும் வழக்கத்தை வாலிபாலில் பார்த்துவிட்டுச் சிலர் கபடிக்கும் கொண்டுவருகிறார்கள். கபடியில் பச்சை அட்டை எச்சரிக்கை, மஞ்சள் இரண்டு நிமிடம் வெளியே. பிள்ளைகள் குழம்புவார்கள். வேறு நிறம் எடுங்கள்.

விதிப்படி சரி, ஆனாலும் மனசுக்கு உறுத்துகிறது. இப்படிப்பட்டதை எப்படிப் பேசுவது?

9-ஆம் வகுப்புக்கு மேல் இதுதான் மிகச் சுவையான பகுதி. சிறு பிள்ளைகளிடம் வேண்டாம். அவர்களுக்கு விதியைக் காப்பதே போதும்.

பந்து போடும் முன்பே கோட்டை விட்டு ஓடும் பேட்ஸ்மேனை பவுலர் ரன் அவுட் செய்வதை எடுத்துக்கொள்ளுங்கள். 1947-இல் சிட்னியில் வினு மன்கட் இப்படி பில் பிரவுனை வெளியேற்றினார். 2019 ஐபிஎல்லில் அஸ்வின், ஜாஸ் பட்லரை. 2022 அக்டோபரில் இந்த விதி, "நியாயமற்ற ஆட்டம்" என்ற 41-ஆம் பிரிவிலிருந்து ரன் அவுட் பற்றிய 38-ஆம் பிரிவுக்கு மாற்றப்பட்டது. வகுப்பை இரண்டாகப் பிரித்து வாதாட விடுங்கள், பத்து நிமிடம் கழித்துப் பக்கம் மாற்றுங்கள். இங்கே சரியான விடை ஒன்று இல்லை, ஆசிரியர் தன் விடையைக் கடைசி வரை சொல்லாமல் இருப்பது நல்லது.

இதற்கு எதிர்ப்புறமாக 1980 பொன்விழா டெஸ்ட். மும்பையில் இந்திய கேப்டன் குண்டப்பா விஸ்வநாத், நடுவர் அவுட் கொடுத்த இங்கிலாந்தின் பாப் டெய்லரைத் திருப்பி அழைத்தார். அந்த ஆட்டத்தில் இந்தியா 10 விக்கெட் வித்தியாசத்தில் தோற்றது. இதைச் சொல்லும்போது தோற்றதையும் சேர்த்தே சொல்லுங்கள். நேர்மைக்கு உடனே பரிசு கிடைத்த கதைகளை மட்டும் சொன்னால், பிள்ளைகள் அதை வியாபாரம் என்று எடுத்துக்கொள்வார்கள்.

மூன்றாவது, போட்டி நடத்துபவர்களுக்கான பாடம். 2012 லண்டன் ஒலிம்பிக் பாட்மின்டன் மகளிர் இரட்டையரில் நான்கு ஜோடிகள், அடுத்த சுற்றில் வசதியான எதிரணி கிடைக்க வேண்டும் என்று வேண்டுமென்றே தோற்க முயன்று, எட்டுப் பேரும் வெளியேற்றப்பட்டார்கள். தோற்றால் லாபம் என்ற நிலையை அட்டவணையே உருவாக்கியிருந்தது. 2016 ரியோவில் இரண்டாம் இடம் பிடித்தவர்களுக்கு மறுபடி குலுக்கல் என்று மாற்றினார்கள். உங்கள் வட்டார லீக் போட்டி அட்டவணையிலும் அப்படிப்பட்ட ஓட்டை இருக்கிறதா என்று முதல் நாளே பாருங்கள்.

தாமதமாக வந்தால் ஐந்து ரவுண்டு ஓட விடுகிறோம். அது ஒழுக்கம்தானே?

ஓட்டத்தைத் தண்டனையாக்கினால், ஓட்டம் என்றாலே தண்டனை என்று ஏறிவிடும். பிறகு அதே ஓட்டத்தைப் பயிற்சியாகக் கொடுக்கும்போது முகம் சுளிப்பார்கள். ஏப்ரல் வெயிலில் அது ஆபத்தும் கூட. குழந்தைகளின் கட்டாயக் கல்விச் சட்டம் 2009-இன் 17-ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. தோப்புக்கரணம், வெயிலில் முட்டி போட வைப்பது எல்லாம் இதில் அடங்கும். "பொட்டப்புள்ள மாதிரி ஆடாதே" என்பதும் மனதில் விழும் அடிதான்.

தவறோடு தொடர்புள்ள விளைவைக் கொடுங்கள். தாமதமாக வந்தவர் அன்று முடிந்த பிறகு சாமான் எடுத்து வைப்பார். எதிராளியைத் திட்டியவர் ஐந்து நிமிடம் வெளியே உட்கார்ந்து, தானே "தயார்" என்று சொல்லி உள்ளே வருவார். எப்போது வருவது என்பதை அவர் முடிவு செய்யட்டும். இரண்டு பேரிடமும் தனித்தனியே பேசுங்கள், மற்றவர் முன்னால் வேண்டாம். ஒருவர் செய்ததற்கு மொத்த அணியையும் தண்டிப்பது, ஆட்டம் முடிந்ததும் அந்த ஒருவன் உதை வாங்குவதில் போய் முடியும்.

பிறந்த தேதியைக் கொஞ்சம் மாற்றினால் பையன் மாவட்டத்துக்குப் போய்விடுவான். எல்லாப் பள்ளியும் செய்கிறது.

இந்தப் பக்கத்தில் மற்ற எதைச் செய்தாலும், இதைச் செய்தால் எல்லாம் அழிந்துவிடும். வட்டத்தில் உட்கார வைத்து நேர்மை பேசிய ஆசிரியரே பொய்ச் சான்றிதழில் கையெழுத்துப் போடுவதைப் பார்க்கும் பிள்ளைக்கு, இரண்டில் எது நிஜம் என்று நன்றாகவே தெரியும்.

நடைமுறைக் காரணமும் இருக்கிறது. விளையாட்டில் வயது மோசடிக்கு எதிராக 2010-இல் மத்திய அரசு தேசிய விதித் தொகுப்பு கொண்டுவந்தது. இந்திய கிரிக்கெட் வாரியம் இளையோர் பிரிவில் இடது மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பு வயது பார்க்கிறது. பிடிபட்டால் தடை. பிடிபடாவிட்டாலும் இழப்பு உண்டு: தன்னைவிடச் சிறியவர்களை உடல் பலத்தால் ஜெயித்துப் பழகிய பையன், சீனியர் பிரிவுக்குப் போனதும் திறமை போதாமல் நின்றுவிடுகிறான். அவன் பிடித்த இடம் இன்னொரு பிள்ளையுடையது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தலைமையாசிரியரோ நிர்வாகமோ அழுத்தம் கொடுத்தால், பிறந்த உடனே பதிவான பிறப்புச் சான்றிதழின் நகலை ஜூன் மாதச் சேர்க்கையின்போதே வாங்கிக் கோப்பில் வையுங்கள். போட்டிக்கு முதல் நாள் பேரம் பேசும் நிலையே வராது.

ஒரே தெருப் பையன்கள் ஒரே அணியாகச் சேர்கிறார்கள். பிரித்தால் முறைக்கிறார்கள்.

பல ஊர்களில் தெரு என்றால் சாதி என்று எல்லாருக்கும் தெரியும். இதைத் தொடாமல் ஒழுக்கம் சொல்லித்தர முடியாது. பள்ளிகளில் சாதிப் பூசலைத் தடுக்கும் வழிகளை ஆராய்ந்த நீதியரசர் சந்துரு குழு 2024-இல் கொடுத்த அறிக்கை, சாதியைக் காட்டும் வண்ணக் கைக்கயிறுகளுக்குத் தடை வேண்டும் என்றது. மைதானத்தில் இது இன்னும் எளிது. கபடியில் கையில் எதுவும் கட்டக் கூடாது, நகம் வெட்டியிருக்க வேண்டும் என்று பாதுகாப்பு விதியாகவே எல்லாருக்கும் வையுங்கள்.

அணி பிரிப்பது சீட்டுக் குலுக்கலில் நடக்கட்டும். இரண்டு கேப்டன்கள் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு எடுக்கும் முறை வேண்டவே வேண்டாம். கடைசியில் நிற்கும் பிள்ளை அந்த அவமானத்தை மறக்காது. குலுக்கிய அணியை ஆறு வாரம் மாற்றாதீர்கள். வாராவாரம் மாற்றினால் பழக்கம் ஏற்படாது.

வெறுமனே பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் பகை குறையாது. 1954-இல் அமெரிக்காவின் ஒக்லஹாமாவில் உளவியலாளர் முசாஃபர் ஷெரீஃப், முகாமுக்கு வந்த 22 சிறுவர்களை இரண்டு குழுக்களாக்கிப் போட்டி வைத்தார். பகை வேகமாக மூண்டது. ஒன்றாகச் சாப்பிட வைத்தும் படம் பார்க்க வைத்தும் குறையவில்லை, சாப்பாட்டை எறிந்து சண்டை போட்டார்கள். இரண்டு குழுவும் சேர்ந்தால்தான் முடியும் என்ற வேலைகளைக் கொடுத்த பிறகுதான் இறங்கியது. ஆகவே கலப்பு அணிக்கு ஒரு பொது வேலை கொடுங்கள்: களத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போடுவது, மண் தோண்டிப் புரட்டுவது, சிறு பிள்ளைகளுக்கு ஒரு போட்டி நடத்துவது. ஒரே குடத்தில், ஒரே டம்ளரில் தண்ணீர் எல்லாருக்கும். இதில் விலக்கு கேட்டு வரும் பெற்றோருக்கு விலக்கு கிடையாது.

நன்றாக ஆடாத பிள்ளைகளை என்ன செய்வது?

உப்புக்குச் சப்பாணியாக ஓரத்தில் நிறுத்தாதீர்கள். 14 வயதுக்குக் கீழே பள்ளிக்குள் நடக்கும் ஆட்டங்களில், ஒவ்வொருவரும் குறைந்தது பாதி நேரம் ஆட வேண்டும் என்று எழுதப்பட்ட விதி இருக்கட்டும். வெளிப் போட்டியில் அது முடியாது, அதை மறைக்கவும் வேண்டாம். யார், எந்த அளவுகோலில் தேர்வானார்கள் என்று தேர்வுக்கு முன்பே பலகையில் எழுதுங்கள். தேர்வாகாதவரிடம் நேரில் சொல்லுங்கள். பட்டியல் ஒட்டிவிட்டு நழுவாதீர்கள்.

கேப்டன் பதவி நன்றாக ஆடுபவருக்கே என்ற வழக்கத்தையும் பயிற்சி நாட்களில் விட்டுவிடலாம். மாதம் ஒருவர் மாறட்டும்.

பெண் பிள்ளைகளைச் சேர்த்து ஆட வைக்கலாமா?

உடல் மோதல் குறைந்த ஆட்டங்களில் தாராளமாக: ஃபிரிஸ்பீ, எறிபந்து, கோ-கோ, விதி மாற்றிய கால்பந்து. "பெண் அடித்தால் இரண்டு கோல்" என்ற விதி நன்மை செய்வது போல் தோன்றும். நடைமுறையில் அவள் இரக்கத்துக்குரியவள் என்று சொல்லாமல் சொல்லிவிடும். "கோல் அடிக்கும் முன் அணியில் எல்லார் காலிலும் பந்து பட்டிருக்க வேண்டும்" என்பது அதைவிட நன்றாக வேலை செய்கிறது.

கோட்டுக்கு வெளியே நின்று பெற்றோர் கத்துகிறார்களே?

பருவத் தொடக்கத்தில் 20 நிமிடம் கூட்டம் போட்டு மூன்றே விஷயம் சொல்லுங்கள். கைதட்டலாம், எந்த அணிக்கும். ஆலோசனை கோச் மட்டும்தான் சொல்வார். நடுவரைப் பற்றி ஆட்டத்தின்போது யாரும் பேசக் கூடாது. கோட்டிலிருந்து மூன்று மீட்டர் தள்ளிக் கயிறு கட்டுங்கள். அந்தத் தூரமே பாதிச் சத்தத்தைக் குறைக்கும். மீறினால் முதலில் தனியாகப் பேசுங்கள், இரண்டாவது முறை அவர் நகரும் வரை ஆட்டத்தை நிறுத்துங்கள்.

வீட்டுக்குப் போகும் வழியில் பைக்கில் நடக்கும் விசாரணைதான் பல பிள்ளைகளுக்கு ஆட்டத்தைவிடப் பெரிய பயம். "ஜெயிச்சியா?" என்று தொடங்காமல், சாப்பிட்டாயா என்று கேட்கச் சொல்லுங்கள்.

பலன் கிடைக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

எண்ணுங்கள். காயம் காரணமாக ஆடாத பிள்ளையிடமோ சக ஆசிரியரிடமோ ஒரு தாளைக் கொடுத்து, ஒரு ஆட்டத்தில் ஏதேனும் 10 நிமிடம், மூன்று செயல்களுக்குக் கோடு போடச் சொல்லுங்கள்: நடுவர் சொல்லும் முன் தானே ஒப்புக்கொண்டது, எதிரணி ஆளுக்குக் கை கொடுத்தது, நடுவரிடம் வாதாடியது. தொடக்கத்தில் ஒருமுறை, 6-ஆம் வாரம், 12-ஆம் வாரம். எல்லா முறையும் ஒரே மாதிரி ஆட்டமாக இருக்க வேண்டும். நட்பு ஆட்டத்தில் 9 கோடு வந்தது இறுதிப் போட்டியில் 2 ஆகும். அதைத் தோல்வி என்று எடுத்துக்கொள்ளாமல், இறுதிப் போட்டியின் அழுத்தத்தைப் பயிற்சியில் கொண்டுவாருங்கள். கடைசி மூன்று நிமிடம், ஸ்கோர் சமம், சுற்றி நின்று மற்றவர்கள் கத்த வேண்டும் என்று வைத்து ஆட விடுங்கள்.

இந்த எண்களை மதிப்பெண் அட்டையில் ஏற்றாதீர்கள். ஏற்றிய அன்றே நடிப்பு தொடங்கிவிடும். வகுப்பாசிரியரிடம் மட்டும் மாதம் ஒருமுறை கேளுங்கள்: சொல்லாமலே பலகை துடைக்கிறானா, அடுத்தவன் பேசும்போது காத்திருக்கிறானா? மைதானத்தில் வந்தது தானாக வகுப்புக்குப் போகாது. வட்டத்தின் முடிவில் "இதை நாளைக்கு எந்தப் பீரியடில் செய்து பார்க்கலாம்?" என்று கேட்டுப் பழக்கினால் கொஞ்சம் போகும்.

பயிற்சியாளரிடமே பிள்ளைக்கு ஆபத்து என்றால்?

இது ஒழுக்கப் பாடத்தின் ஓரப் பகுதி அல்ல, அடித்தளம். பிள்ளையோடு மூடிய அறையில் தனியாக இருக்கக் கூடாது. வெளியூர்ப் போட்டிக்குப் பெண் பிள்ளைகள் போனால் பெண் ஆசிரியர் உடன் போக வேண்டும். உடலைத் தொட்டுத் திருத்த வேண்டியிருந்தால், என்ன செய்யப் போகிறோம் என்று சொல்லி, எல்லார் முன்னிலையிலும். இரவில் தனிப்பட்ட வாட்ஸ்அப் செய்தி கூடாது, குழுவில் மட்டும்.

பாலியல் தொல்லை பற்றித் தெரிந்தால் அல்லது சந்தேகம் இருந்தால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012 போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம். பள்ளிக்குள் விசாரித்து முடித்துக்கொள்ள யாருக்கும் அதிகாரம் இல்லை. மறைத்தால் 21-ஆம் பிரிவின்படி அதுவே குற்றம். குழந்தைகள் உதவி எண் 1098-ஐ மைதானச் சுவரில் பிள்ளைகள் கண்ணில் படும் உயரத்தில் எழுதி வையுங்கள்.

50 பேர், ஒரே பந்து. இதெல்லாம் நடக்குமா?

நடக்கும். ஐந்து குழுவாகப் பிரியுங்கள். இரண்டு குழு ஆடும். ஒரு குழு கோடு போட்டு எண்ணும். ஒரு குழு பந்தெடுத்துக் கொடுக்கும், ஸ்கோர் எழுதும். ஒரு குழு பந்து தேவைப்படாத தொட்டுப் பிடிக்கும் ஆட்டம் ஆடும். ஆறு நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றம், ஐந்து சுற்றில் 30 நிமிடம், எல்லாரும் எல்லா வேலையும் செய்திருப்பார்கள். பந்து போய் முள்வேலியில் குத்திக் காற்று இறங்கிவிட்டால் அன்றைக்குக் கபடி.